பிடிஆர்எஃப்எஸ் வட்டில் ஒரு கோப்பு கெட்டுப்போனால்: பழுதுநீக்கும் கட்டளைக்கு முன் செய்ய வேண்டியவை

ஒரு கோப்புறையை வேறு வட்டுக்கு நகலெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நூற்றுக்கணக்கான கோப்புகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரே ஒரு கோப்பில் "இன்புட்/அவுட்புட் எரர்" என்று சொல்லி நகலெடுப்பு நின்றுவிடுகிறது. பட்டியலிட்டுப் பார்த்தால் அந்தக் கோப்பின் பெயர், அளவு, தேதி எல்லாம் சரியாகவே இருக்கின்றன. திறந்தால் பாதியில் அதே பிழை. லினக்ஸுக்குப் புதியவர்கள் இந்த நேரத்தில் செய்ய நினைக்கும் முதல் காரியம், எங்கோ படித்த பழுதுநீக்கும் கட்டளையை டெர்மினலில் ஓடவிடுவதுதான். அந்தக் கையைச் சற்றே பிடித்து நிறுத்துவதற்காகவே இதை எழுதுகிறேன். முதல் பிழையில் தப்பிய தரவு, அவசரத்தில் கொடுத்த இரண்டாவது கட்டளையில் போய்விட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

2020இல் வெளிவந்த ஃபெடோரா 33 முதல் ஃபெடோராவின் டெஸ்க்டாப் பதிப்புகளும், அதற்கும் முன்பிருந்தே ஓப்பன்சூசேயும் பிடிஆர்எஃப்எஸ்ஸை இயல்பான கோப்பு முறைமையாக நிறுவுவதால், தாமாகத் தேர்ந்தெடுக்காமலேயே பலர் இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். கீழே வரும் கட்டளைகளை உச்சரிக்கும்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ரூட் (நிர்வாகி) அனுமதி தேவை.

கோப்பு முறைமை ஏன் தர மறுக்கிறது

பிடிஆர்எஃப்எஸ் ஏற்கெனவே எழுதப்பட்ட இடத்தின் மேலேயே மறுபடி எழுதுவதில்லை. மாற்றிய பகுதியை வட்டின் வேறோர் இடத்தில் புதிதாக எழுதி, அது முடிந்த பிறகே சுட்டியைப் பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்குத் திருப்புகிறது. இப்படி எழுதும்போதே, தரவின் ஒவ்வொரு 4 கிலோபைட் துண்டுக்கும் ஒரு செக்சம் (தரவிலிருந்து பெறும் சரிபார்ப்பு எண்) கணக்கிட்டு அதைத் தனியாக வைத்துக்கொள்கிறது. இயல்பாக இது சிஆர்சி32சி முறையில் கணக்கிடப்படும், கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) 5.5 முதல் எக்ஸ்எக்ஸ்ஹாஷ், ஷா256, பிளேக்2பி ஆகியவற்றையும் வட்டை ஃபார்மட் செய்யும்போது தேர்ந்தெடுக்கலாம். படிக்கும்போது அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கிறது. விடை ஒத்துப்போகவில்லை என்றால், எழுதியது ஒன்று, வட்டு இப்போது திருப்பித் தருவது வேறொன்று என்று பொருள்.

அந்த நிலையில் இன்னொரு நல்ல நகல் இருந்தால் அதைப் படித்து உங்களுக்குக் கொடுத்துவிட்டு, கெட்ட நகலையும் அதைக் கொண்டே திருத்தி எழுதிவிடும். அது நடந்தது கூட உங்களுக்குத் தெரியாமல் போகலாம். வேறு நகல் இல்லையென்றால், தவறான தரவைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமலிருப்பதே மேல் என்று படிப்பதை மறுத்துவிடும். நீங்கள் பார்த்த பிழை அதுதான். எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமை, கோப்பின் உள்ளடக்கத்துக்குச் செக்சம் வைத்துக்கொள்வதில்லை என்பதால், இதே கெட்ட துண்டை ஒன்றும் சொல்லாமல் உங்களிடம் கொடுத்திருக்கும். நீங்களும் அதைக் காப்பு நகலாக எடுத்து வைத்து, நல்ல பழைய நகலை அதன் மேல் இழந்திருக்கக்கூடும். ஆகவே இந்தப் பிழையைக் கோப்பு முறைமையின் குறையாகக் கருதாமல், சரியான நேரத்தில் வந்த புகாராக எடுத்துக்கொள்ள வேண்டும். புகாரின் வாயை அடைப்பது நம் வேலையில்லை. அது எதைப் பற்றிச் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

உங்களிடம் எத்தனை நகல்கள் இருக்கின்றன என்பதை 'பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ்' கட்டளை காட்டும். ஒற்றை வட்டில் இயல்பான அமைப்பு, மெட்டாடேட்டாவுக்கு (எந்தக் கோப்பு எங்கே என்பது போன்ற குறிப்புகளுக்கு) இரண்டு நகல், தரவுக்கு ஒன்று என்பதாகும். காட்டும் வரிகளில் 'டூப்', 'சிங்கிள்' என்ற சொற்களைத் தேடுங்கள். பழைய கருவிகளைக் கொண்டு எஸ்எஸ்டியில் ஃபார்மட் செய்திருந்தால் மெட்டாடேட்டாவுக்கும் ஒரே நகல்தான் இருக்கக்கூடும். தரவு 'சிங்கிள்' என்றால், கெட்ட துண்டைக் கோப்பு முறைமையால் தானாகத் திருத்த முடியாது என்பதை இப்போதே மனதில் கொள்ளுங்கள்.

கை வைப்பதற்கு முன்

முதலில் அந்த வட்டில் எழுதுவதை நிறுத்துங்கள். பேலன்ஸ், டிஃப்ராக், மென்பொருள் மேம்படுத்தல் எதுவும் இப்போது வேண்டாம். பேலன்ஸ் என்பது தரவை இடம் மாற்றி எழுதும் வேலை. கெட்ட துண்டை அது தொட்டதும் அங்கேயே முறிந்து நிற்கும். டிஃப்ராக் (சிதறிய துண்டுகளைச் சேர்த்து எழுதுவது) செய்தால், ஸ்னாப்ஷாட்டுகளோடு (ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைத்த பிரதிகளோடு) பகிர்ந்திருந்த இடம் பிரிந்து, வட்டு திடீரென்று நிரம்பவும் கூடும்.

இரண்டாவது, வட்டு இன்னும் மவுன்ட் ஆகியிருக்கிறது (பயன்பாட்டுக்கு இணைந்திருக்கிறது) என்றால், முக்கியமானவற்றை நகலெடுத்து முடிக்கும் வரை கணினியை மறுதொடக்கம் செய்யாதீர்கள். பாதிக்கப்பட்டது ஒரு கோப்பு மட்டும்தானா, மெட்டாடேட்டாவும்தானா என்பது இன்னும் தெரியாது. மெட்டாடேட்டாவாக இருந்தால், இப்போது திறந்திருக்கும் கதவு அடுத்த முறை திறக்காமல் போகலாம். கோப்பு முறைமை தானாகவே படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறியிருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த நிலையிலேயே, திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் வேறொரு வட்டுக்கு நகலெடுங்கள்.

மூன்றாவது, கெர்னலின் பதிவை வேறு வட்டிலோ யூஎஸ்பியிலோ சேமியுங்கள். 'டிமெசேஜ்' அல்லது 'ஜர்னல்சிடிஎல் -கே' தரும் வெளியீட்டை ஒரு கோப்பாக எடுத்து வைத்தால் போதும். இனி வரும் எல்லா முடிவுகளும் அந்தப் பதிவிலிருந்தே வரும் என்பதால், இதை ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள்.

பதிவின் ஒரு வரியை நிதானமாகப் படித்தல்

கெர்னல் பதிவில் இப்படி ஒரு வரி இருக்கும்: "பிடிஆர்எஃப்எஸ் வார்னிங், டிவைஸ் எஸ்டிஏ2: சிசம் ஃபெயில்ட் ரூட் 257 ஐனோ 48213 ஆஃப் 1310720", தொடர்ந்து கிடைத்த செக்சம், எதிர்பார்த்த செக்சம், கடைசியில் "மிரர் 1" (எத்தனையாவது நகல் என்பது). பார்க்க மிரட்டலாக இருந்தாலும் இது முழு முகவரியையும் கொடுத்துவிடுகிறது. ரூட் 257 என்பது சப்வால்யூமின் (கோப்பு முறைமைக்குள் தனியாகப் பிரித்த பகுதியின்) எண்; உச்சியிலுள்ள சப்வால்யூமுக்கு எப்போதும் 5, நாம் உருவாக்குபவை 256இலிருந்து தொடங்கும். எந்த எண் எந்தப் பெயர் என்பதை 'பிடிஆர்எஃப்எஸ் சப்வால்யூம் லிஸ்ட்' சொல்லும். ஐனோ என்பது கோப்பின் ஐநோடு எண், அதாவது கோப்பு முறைமை அதற்குத் தந்த அடையாள எண். ஆஃப் என்பது கோப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டில் பிழை என்பதைக் குறிக்கிறது. 1310720ஐ 4096ஆல் வகுத்தால் மீதியின்றி 320 வரும். அதாவது முதல் 320 துண்டுகளைக் கடந்து அடுத்த துண்டில் சிக்கல். அதே கோப்பைப் பற்றி வேறு வரி இல்லையென்றால், மற்ற துண்டுகளில் இதுவரை படித்தவை நலமாக இருக்கின்றன.

எண்ணிலிருந்து பெயரைப் பெற, 'பிடிஆர்எஃப்எஸ் இன்ஸ்பெக்ட்-இன்டர்னல் ஐநோட்-ரிசால்வ்' என்ற கட்டளைக்கு 48213ஐயும், அந்தச் சப்வால்யூமின் பாதையையும் கொடுங்கள். இங்கே புதியவர்கள் அடிக்கடி வழுக்குவார்கள்: ஐநோடு எண் ஒவ்வொரு சப்வால்யூமுக்கும் தனித்தனியானது. தவறான சப்வால்யூமின் பாதையைக் கொடுத்தால், முற்றிலும் சம்பந்தமில்லாத, நல்ல கோப்பொன்றின் பெயர் வந்து நிற்கும். அதை நம்பி அழித்துவிடாதீர்கள். ரூட் என்ற இடத்தில் -9 என்றிருந்தால், அது பேலன்ஸ் நடக்கும்போது கெர்னல் தன் வேலைக்காக வைத்துக்கொள்ளும் தற்காலிகப் பகுதி. அதில் வரும் ஐநோடு எண்ணுக்குரிய கோப்பு உங்கள் வட்டில் இருக்காது, தேடிக் களைக்க வேண்டாம்.

கிடைத்த செக்சத்தையும் ஒரு பார்வை பாருங்கள். சிஆர்சி32சி முறையில், முழுவதும் பூஜ்ஜியங்களால் ஆன 4 கிலோபைட் துண்டின் செக்சம் 98எஃப்94189. புதிய கெர்னல்கள் இதையே பைட் வரிசையை மாற்றி 8941எஃப்998 என்று காட்டும். உங்கள் பதிவில் இந்த எண் இருந்தால், அங்கே தரவு சிதையவில்லை, தரவே இல்லை. வட்டு வெறும் பூஜ்ஜியங்களைத் திருப்பித் தருகிறது. எழுதியதாகச் சொல்லிவிட்டு வட்டு எழுதாமல் விட்டிருக்கலாம், அல்லது எழுதிய பின் அந்த இடம் அழிக்கப்பட்டிருக்கலாம். அங்கிருந்து எதையும் மீட்க முடியாது என்பது இந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடுகிறது.

இரண்டு நகல்கள் உள்ள அமைப்பில் மிரர் 1, மிரர் 2 இரண்டுமே தோற்று, இரண்டிலும் கிடைத்த செக்சம் ஒன்றாகவே இருந்தால், இரு இடங்களும் ஒரே மாதிரி கெட்டுப்போவது இயல்பில்லை. வட்டுக்குப் போவதற்கு முன்பே, ரேமில் இருக்கும்போதே தரவு மாறியிருக்கிறது என்பதற்கு இது வலுவான அறிகுறி. மெய்நிகர் கணினியின் வட்டுக்கோப்பில் மட்டும் இப்படி வந்தால், ரேமைக் குறை சொல்லும் முன் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: பழைய கெர்னல்களில், டைரக்ட் ஐஓ (கெர்னலின் தற்காலிக நினைவகத்தைத் தாண்டி நேராக வட்டில் எழுதும்) முறையில் எழுதும்போது, செக்சம் கணக்கிட்ட பிறகும் எழுதி முடியும் முன்பும் உள்ளிருக்கும் இயங்குதளம் அதே நினைவகப் பகுதியை மாற்றிவிட்டால், வன்பொருளில் எந்தக் குறையும் இல்லாமலேயே இந்தப் பிழை வரக்கூடும்.

"பேரன்ட் டிரான்ஸ்ஐடி வெரிஃபை ஃபெயில்ட்", "கரப்ட் லீஃப்" என்ற வரிகள் வந்தால் அது வேறு நோய், மெட்டாடேட்டா பாதிக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

குற்றவாளி யார்

கோப்பை மீட்பதற்கு முன் கெடுத்தது எது என்று கண்டுபிடிக்க வேண்டும்; இல்லையென்றால் மீட்ட கோப்பும் அதே வழியில் போகும். 'பிடிஆர்எஃப்எஸ் டிவைஸ் ஸ்டாட்ஸ்' கட்டளைக்கு மவுன்ட் பாதையைக் கொடுத்தால் ஐந்து எண்ணிகள் வரும்: எழுதும் பிழை, படிக்கும் பிழை, ஃப்ளஷ் பிழை (காத்திருக்கும் தரவை வட்டில் இறக்குவதில் வரும் பிழை), கரப்ஷன் பிழை, ஜெனரேஷன் பிழை. முதல் மூன்றும் வட்டு தானே ஒப்புக்கொண்ட தோல்விகள். கரப்ஷன் என்பது, வட்டு எந்தத் தயக்கமும் இல்லாமல் கொடுத்த தரவு தவறாக இருந்தது என்பதைச் சொல்கிறது. ஜெனரேஷன் பிழை, புதிய மெட்டாடேட்டா இருக்க வேண்டிய இடத்தில் பழையது இருக்கிறது என்பதைச் சொல்கிறது; எழுதிவிட்டேன் என்று பொய் சொன்ன வட்டில், குறிப்பாகச் சில யூஎஸ்பி பெட்டிகளில் உள்ள வட்டில், மின்சாரம் போன பிறகு இது தோன்றும். இந்த எண்ணிகள் மறுதொடக்கத்திலும் அழிவதில்லை. ஆகவே நீங்கள் பார்ப்பது இன்றைய பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அடுத்து 'ஸ்மார்ட்சிடிஎல் -ஏ' கொடுத்து வட்டின் சொந்த அறிக்கையை (ஸ்மார்ட் அறிக்கை) பாருங்கள். சாட்டா வட்டுகளில் 5, 197, 198 ஆகிய எண்களுள்ள வரிகளின் கடைசி மதிப்பு பூஜ்ஜியத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், வட்டின் பரப்பு சிதைந்துவருகிறது. மாற்று வட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான். என் கணினி ஒன்றில் எழுதும் பிழைகள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருந்தபோது, வட்டை மாற்றத் தயாரான பிறகுதான் இந்த 199ஆம் வரியைக் கவனித்தேன். கேபிளைக் கழற்றி வேறொன்று போட்டதும் எண் ஏறுவது நின்றது. அந்த எண் குறையவே குறையாது. மாற்றிய பின் அது அசையாமல் நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வட்டும் கேபிளும் நலம் என்றால் ரேமைச் சோதியுங்கள். மெம்டெஸ்ட்86+ஐ யூஎஸ்பியிலிருந்து தொடங்கி, ஓரிரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை வைத்துக்கொண்டு எந்தப் பழுதுநீக்கத்தையும் தொடங்கக்கூடாது. மென்பொருளும் சில சமயம் காரணமாகும்: கெர்னல் 5.2 வரிசையில் மெட்டாடேட்டா எழுதப்படாமல் போகக்கூடிய ஒரு பிழை இருந்து, 5.2.15இல் சரிசெய்யப்பட்டது. பழைய கெர்னலை இன்னும் ஓட்டுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்க்ரப்

வன்பொருள் சரியானதும் 'பிடிஆர்எஃப்எஸ் ஸ்க்ரப் ஸ்டார்ட்' கொடுங்கள். இது வட்டில் பயன்பாட்டிலுள்ள ஒவ்வொரு துண்டையும் படித்துச் செக்சத்தோடு ஒப்பிட்டு, இரண்டாவது நல்ல நகல் உள்ளவற்றைத் திருத்தி எழுதும். முதல் சுற்றில் எதையும் எழுத வேண்டாம், நிலவரம் மட்டும் தெரிந்தால் போதும் என்றால் -ஆர் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த முறைதான் பிடிக்கும். 'ஸ்க்ரப் ஸ்டேட்டஸ்' காட்டும் முடிவில் 'கரெக்டட்' என்ற எண் கவலைக்குரியதல்ல. 'அன்கரெக்டபிள்' என்ற எண்ணுக்குரிய கோப்புகளின் பாதைகள் கெர்னல் பதிவில் இருக்கும். அவற்றைப் பட்டியலாக எடுத்து வையுங்கள்.

ஸ்க்ரப் நலம் என்று சொன்னதாலேயே எல்லாம் நலம் என்று பொருளில்லை. 'சிஹெச்ஏடிடிஆர் +சி' கொடுத்து நகலெடுத்து எழுதும் முறையை அணைத்த கோப்புகளுக்குச் செக்சமே கிடையாது. வேகத்துக்காக மெய்நிகர் வட்டுகளையும் தரவுத்தளங்களையும் பலர் இப்படி வைத்திருக்கிறார்கள். சில மென்பொருள்கள் கேட்காமலேயே இப்படி அமைத்துவிடுகின்றன. அவற்றின் உள்ளடக்கம் சரியா என்பதை அந்தந்த மென்பொருளின் சொந்தச் சோதனையால்தான் அறிய முடியும்.

கெட்ட கோப்பை மீட்பதும் அகற்றுவதும்

காப்பு நகல் இருந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. இயங்குதளத்தின் கோப்பு என்றால் அந்தப் பேக்கேஜை மறுபடி நிறுவுங்கள்.

ஸ்னாப்ஷாட் இருக்கிறதே என்று பலர் நிம்மதியடைவார்கள். அந்த நிம்மதி இங்கே உதவாது. ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது தரவு இரண்டாவது முறை எழுதப்படுவதில்லை. கோப்பும் ஸ்னாப்ஷாட்டும் பழைய துண்டையே சுட்டுகின்றன. அந்தத் துண்டு கெட்டால் இருபது ஸ்னாப்ஷாட்டிலும் அதே இடத்தில் அதே பிழைதான் வரும். கோப்பின் அந்தப் பகுதி ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு மாற்றி எழுதப்பட்டிருந்தால் மட்டுமே பழைய, வேறான துண்டு அங்கே கிடைக்கும்.

வேறு வழியில்லாதபோது கெட்ட துண்டை விட்டுவிட்டு மீதியை எடுக்கலாம். 'டிடி' கட்டளையில் பிஎஸ்=4096 என்றும், கான்வ்=நோஎரர்,சிங்க் என்றும் கொடுத்து வேறு வட்டுக்கு நகலெடுத்தால், படிக்க முடியாத துண்டு இருந்த இடத்தில் பூஜ்ஜியங்கள் நிரம்பி, மற்றவை அப்படியே வரும். கடைசித் துண்டும் 4096 பைட்டாக நிரப்பப்படுவதால், நகலின் அளவை அசலின் அளவுக்கு 'டிரங்கேட்' கொண்டு வெட்டிக்கொள்ள வேண்டும். கோப்பு அழுத்தப்பட்டுச் சேமிக்கப்பட்டிருந்தால் இழப்பு கூடும். 128 கிலோபைட் வரையிலான ஒரு முழுப் பகுதி ஒரே அலகாக அழுத்தப்படுவதால், அதில் ஒரு பைட் கெட்டாலும் அந்தப் பகுதி முழுவதும் கிடைக்காது.

கெட்ட துண்டை அப்படியே, கெட்ட நிலையிலேயே பார்க்க விரும்பினால், கெர்னல் 5.11 முதல் ஒரு வழி உண்டு. வட்டை அன்மவுன்ட் செய்துவிட்டு, ஆர்ஓ, ரெஸ்க்யூ=ஐடேட்டாசிசம்ஸ் என்ற விருப்பங்களோடு மவுன்ட் செய்தால், செக்சத்தைப் பொருட்படுத்தாமல் வட்டில் உள்ளதைக் கொடுக்கும். ஒரே ஒரு பிட் புரண்ட உரைக்கோப்பில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். கண்ணால் பார்த்துத் திருத்திவிடலாம். வீடியோவில் ஒரு நொடி சிதறலாம். தரவுத்தளத்தையும் அழுத்திய தொகுப்புக் கோப்பையும் இந்த முறையில் எடுத்து, சரிபார்க்காமல் மீண்டும் பயன்பாட்டில் வைப்பது ஆபத்து.

மீட்ட பிறகு கெட்ட கோப்பை அழிக்க வேண்டும். அழித்த பின்னும் ஸ்க்ரப் அதே பிழையைச் சொன்னால் குழம்ப வேண்டாம். ஏதோ ஒரு ஸ்னாப்ஷாட் அந்தத் துண்டை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. கெர்னல் பதிவில் 'லாஜிக்கல்' என்ற சொல்லுக்குப் பின்னுள்ள எண்ணை 'இன்ஸ்பெக்ட்-இன்டர்னல் லாஜிக்கல்-ரிசால்வ்' கட்டளைக்குக் கொடுத்தால், அதைச் சுட்டும் பாதைகள் வரும். படிக்க மட்டுமான ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒரு கோப்பை மட்டும் அழிக்க முடியாது. அந்த ஸ்னாப்ஷாட்டையே நீக்க வேண்டும்.

வட்டே மவுன்ட் ஆகவில்லை என்றால்

மெட்டாடேட்டா பாதிக்கப்பட்டிருக்கும்போது, எதையும் எழுதாத வழிகளிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். முடிந்தால் முதலில் 'டிடிரெஸ்க்யூ' கொண்டு முழு வட்டையும் பிம்பமாக எடுங்கள். அசலும் பிம்பமும் ஒரே யூயூஐடி (கோப்பு முறைமையின் அடையாள எண்) கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே கணினியில் இணைத்து வைத்துக்கொண்டு மவுன்ட் செய்தால் கெர்னல் ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டு இரண்டையும் கெடுத்துவிடக்கூடும். ஒன்றைக் கழற்றிவிட்டே மற்றதைத் தொடுங்கள்.

முதலில் படிக்க மட்டுமாக மவுன்ட் செய்து பாருங்கள். முடியவில்லை என்றால் அதோடு ரெஸ்க்யூ=யூஸ்பேக்அப்ரூட் சேருங்கள்; அது சற்றுமுன் இருந்த மரவேருக்கு (மெட்டாடேட்டா மரத்தின் தொடக்கப் புள்ளிக்கு) திரும்பிப் பார்க்கும். அதுவும் தோற்றால் ரெஸ்க்யூ=ஆல். இவற்றில் எது பலித்தாலும், உடனே தரவை வெளியே எடுத்துவிடுங்கள். பலித்துவிட்டதே என்று அந்த வட்டிலேயே வேலையைத் தொடராதீர்கள். எதுவும் பலிக்கவில்லை என்றால் 'பிடிஆர்எஃப்எஸ் ரிஸ்டோர்' இருக்கிறது. அது வட்டை மவுன்ட் செய்யாமலேயே, அதில் ஒரு பைட்டும் எழுதாமலேயே, கண்ட கோப்புகளை வேறு வட்டுக்கு எடுத்து வைக்கும். பதிவில் லாக் ரீப்ளே (கடைசி எழுத்துகளின் குறிப்பை மறுபடி நிறைவேற்றுவது) தோற்றதாகத் தெளிவாக இருந்தால் மட்டும் 'ரெஸ்க்யூ ஜீரோ-லாக்' பயன்படும். அதில் மின்சாரம் போவதற்கு முந்தைய சில நொடிகளின் எழுத்து போய்விடும்.

'பிடிஆர்எஃப்எஸ் செக்' இயல்பாகப் படிக்க மட்டுமே செய்யும். அதன் வெளியீட்டைச் சேமித்து, அனுபவமுள்ளவரிடம் காட்டுங்கள். அதோடு --ரிப்பேர் சேர்த்தால், ஓர் எச்சரிக்கையைக் காட்டி 10 நொடி காத்திருந்துதான் தொடங்கும். அந்த 10 நொடியைக் கருவியை உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். தரவு வெளியே வந்து சேராத வரை அந்த எண்ணிக்கை முடியவிடாதீர்கள். தரவு வந்து சேர்ந்துவிட்டது என்றால், மறுபடி ஃபார்மட் செய்து நிரப்புவதே பெரும்பாலும் வேகமானது, நம்பகமானதும் அதுவே.

எல்லாம் முடிந்ததும் 'டிவைஸ் ஸ்டாட்ஸ் -இசட்' கொடுத்து எண்ணிகளைப் பூஜ்ஜியமாக்கி, ஒரு முழு ஸ்க்ரப்பை ஓட்டுங்கள். ஒரு வாரம் வழக்கமாகப் பயன்படுத்திவிட்டு, மறுபடி -இசட் இல்லாமல் அதே கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஐந்து வரிகளும் 0 என்றிருந்தால் ஸ்க்ரப்பை மாதம் ஒருமுறை தானாக ஓடும்படி டைமரில் ஏற்றிவிடலாம். ஏதாவது ஒரு வரி 1 ஆகியிருந்தாலும், மாற்றிய பாகம் குற்றவாளி இல்லை. ஸ்மார்ட் அறிக்கையிலிருந்து தேடலை மறுபடி தொடங்க வேண்டும்.